ஐயா நாற்காலியைப் பிரித்துக் கட்டியது

போன வருடம் ஆடி முடிந்த கையோடு, காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு நாற்காலி எங்கள் பட்டறையில் வந்து இறங்கியது. இரண்டு பழைய சாக்கைப் போர்த்தி, தேங்காய் நார்க் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கூடவே வந்த ஆச்சிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். வேனிலிருந்து இறக்கும்வரை கயிற்றின் மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

"எங்க ஐயா நாற்காலி. ரங்கூன்ல கடை வச்சிருந்தப்ப வாங்குனாக. என் கல்யாணத்துல அப்பச்சி சாமானோட சாமானா வச்சு அனுப்புனாக. இப்ப மெட்ராஸ்ல மகள் வீட்டுல போடணும். உக்கார்ற மாதிரி பண்ணிக் குடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். அவர்கள் வழக்கில் ஐயா என்றால் அப்பாவின் அப்பா, அப்பச்சி என்றால் அப்பா.

உட்கார்கிற மாதிரி. கேட்கச் சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. பழைய கை நாற்காலியில் அதைவிடப் பெரிய வேலை இல்லை என்று இந்த நாலு மாதத்தில் நான் தெரிந்துகொண்டேன். நம் பக்கத்தில் பழைய மரச்சாமான் என்றால் மரத்துக்குத்தான் மரியாதை. தேக்கா ஈட்டியா, பர்மாவா மலபாரா என்று மணிக்கணக்கில் பேசுவோம். உள்ளே அடைத்திருக்கிற நாரையும் மயிரையும் ஸ்பிரிங்கையும் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு பிளைவுட் பலகை, அதற்கு மேல் நாலு அங்குல ஃபோம் என்று முடித்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படிச் செய்தவன்தான். ஆனால் குஷன் நாற்காலி என்பது பாதி மரம், பாதி மெத்தை. மெத்தையை எறிந்தால் பாதி நாற்காலியை எறிந்த மாதிரி. இந்த ஒரு வேலையை முழுதாக எழுதி வைக்க நினைத்தது அதனால்தான்.

வந்து இறங்கியபோது அது இருந்த நிலையை முதலில் சொல்கிறேன். உயரம் 97 செ.மீ., அகலம் 64 செ.மீ. முன் கால்கள் இரண்டும் கடைசல் வேலை, பின் கால்கள் வெளிப்பக்கம் வளைந்து இறங்கும். முதுகுச் சட்டம் கரண்டிக் குழி போல உள்வாங்கியிருந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பிறந்த வடிவம் இது. அங்கேயும் கரண்டி முதுகு என்றே இதற்குப் பெயர். ஆசனமும் முதுகும் பச்சை ரெக்ஸின் போட்டு மூடியிருந்தன. ரெக்ஸின் வெடித்த இடங்களில் மஞ்சள் ஃபோம் தெரிந்தது. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ஃபோம் பத்துப் பதினைந்து வருடம் தாங்கினால் பெரிது. இது அதைப்போல இரண்டு மடங்கு காலம் கிடந்திருக்கும்.

வயதைக் கண்டுபிடிக்க நான் முதலில் திருப்பிப் பார்ப்பது அடிப்பக்கம். முன் கால்களின் நுனியில் பித்தளைக் குப்பி, அதில் வெள்ளைப் பீங்கான் சக்கரம். ஒன்று முழுசு, இன்னொன்று பாதி உடைந்தது. பித்தளையைத் துடைத்தபோது 'கோப் அண்ட் காலின்சன், பேடன்ட்' என்ற எழுத்து வந்தது. விக்டோரியா கால ஆங்கிலேய மரச்சாமான்களில் அடிக்கடி கண்ணில் படுகிற பெயர் இது. அப்புறம் ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். நுனி கூராக இருந்தது. கூர்நுனித் திருகாணி பரவலானது 1850க்குப் பிறகு. அதற்கு முந்தியவை மொட்டையாக இருக்கும், துளை போட்டுத்தான் இறக்க வேண்டும்.

சரி, சக்கரம் இங்கிலாந்து. நாற்காலியுமா? அதற்குப் பதில் ரெக்ஸினுக்குள் மறைந்திருந்த சட்டத்தில் கிடைத்தது. இங்கிலாந்தில் செய்தவர்கள் வெளியே தெரிகிற மரத்தை மகாகனியிலோ வால்நட்டிலோ செய்து, துணிக்குள் மறைகிற சட்டத்துக்கு பீச் மரம் போடுவார்கள். பீச் மலிவு, ஆணி நன்றாக இறங்கும். இந்த நாற்காலியில் யார் கண்ணுக்கும் படாத உள்சட்டம்கூடத் தேக்கு. தேக்கை இப்படித் தாராளமாக மறைவிடத்தில் போடுவது தேக்கு விளைகிற சீமையில்தான் நடக்கும். ஆங்கிலேய மாதிரியைப் பார்த்து, இந்தப் பக்கத்து ஆசாரி ஒருவர் செய்தது, சக்கரம் மட்டும் கப்பலில் வந்தது. ரங்கூன் என்று வீட்டில் சொல்வதோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது. ஐயா கடை வைத்திருந்த காலத்தைக் கணக்குப் போட்டால் நூறு வருடத்துக்குக் குறையாது.

அந்த நூறு வருடத்துக்கு அரசாங்கச் சட்டத்திலும் ஒரு அர்த்தம் இருக்கிறது. ஆச்சியின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், பிற்காலத்தில் அங்கே அனுப்பலாமா என்று பேச்சு வந்தது. 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதைச் சொன்னதும், "அப்ப இங்கயே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

பிரிக்க உட்கார்ந்த நாள் ஒரு சனிக்கிழமை. முகமூடி, கையுறை இல்லாமல் பழைய மெத்தையைப் பிரிக்கக் கூடாது. தூசிக்காக மட்டும் இல்லை. குதிரை மயிர் கையாண்ட தொழிலாளிகளுக்கு ஆந்த்ராக்ஸ் என்ற தொற்றுநோய் வந்ததால் இங்கிலாந்தில் 1907லேயே அதற்கென்று தனி விதிகள் போட்டார்கள். உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று தெரியாதவரை அந்தப் பயம் நியாயமானது.

ஆசனத்தில் எதிர்பார்த்ததுதான் இருந்தது. ரெக்ஸின், ஃபோம், நாலு மூலையிலும் ஆணி அறைந்த பிளைவுட். பழைய ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை. அதைச் செய்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்குப் புதுசாகவும் மலிவாகவும் கிடைத்தது ஃபோம். வீட்டார் கேட்டதைச் செய்திருக்கிறார்.

முதுகுதான் எங்களை நிறுத்தி வைத்தது. ரெக்ஸினுக்குக் கீழே அரை அங்குல ஃபோம், அதற்குக் கீழே பூப்போட்ட பருத்தித் துணி ஒன்று, அதற்கும் கீழே பழுப்பேறிய காடாத் துணி. அந்தக் காடாவைக் கையால் அழுத்தினேன், உள்ளே ஏதோ மெதுவாகத் திருப்பி அழுத்தியது. ஓரத்தில் நாலு ஆணியை மட்டும் எடுத்து விலக்கிப் பார்த்தால், கருப்புச் சுருள் மயிர். அதற்குப் பின்னால் தென்னை நார். அதற்கும் பின்னால் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத கம்பியில் ஆறு ஸ்பிரிங், கயிற்றால் ஒன்றோடொன்று கட்டி நின்றது. முதலில் செய்தபோது வைத்தது அப்படியே. மேலே மேலே மூடினார்களே தவிர யாரும் உள்ளே கை வைக்கவில்லை.

ஆணிகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது இன்னொன்று கிடைத்தது. முதுகின் மேல்சட்டத்தில் துருப்பிடித்த ஒரு பொடி ஆணியின் தலைக்கு அடியில், நகக்கண் அளவுக்கு ஒரு துணித் துணுக்கு மாட்டியிருந்தது. வெளியே தெரிந்த பக்கம் சாம்பல். ஆணித் தலைக்கு அடியில் இருந்த பக்கம் நல்ல மாதுளம்பழச் சிவப்பு. இடுக்கியால் ஒரே ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினேன். சுருங்கிக் கருகி முடி பொசுங்குகிற நாற்றம் வந்தது, மிச்சமான கரி விரலில் நசுங்கியது. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும். இது கம்பளி. ஆக, ஐயா வாங்கியபோது நாற்காலி சிவப்புக் கம்பளி உடுத்தியிருந்தது. மிச்சத் துணுக்கை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடினேன்.

இங்கே ஸ்பிரிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாற்காலியின் உருவமே அதனால் வந்தது. சுருள் ஸ்பிரிங்கை ஆசனத்தில் பயன்படுத்த லண்டனில் சாமுவேல் பிராட் என்பவர் காப்புரிமை பெற்றது 1828இல். அதற்கு முந்திய நாற்காலிகளில் பட்டை இழுத்து, மேலே மயிரோ நாரோ அடைத்து, தட்டையாக மூடுவார்கள். ஸ்பிரிங் வந்ததும் அதற்கு இடம் கொடுக்க ஆசனம் உயர்ந்தது, வட்டமாகப் பொங்கியது. அந்தப் பொங்கலுக்கு ஏற்றபடி ஆசாரி நாற்காலிக் கையின் உயரத்தையும் முதுகின் குழியையும் வைத்தார். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுத் தட்டையாக ஃபோம் போட்டால் இந்த அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். முழங்கை கையில் உட்காராது, முதுகுக் குழி இடுப்பில் வராமல் முதுகெலும்பில் இடிக்கும். "பழைய நாற்காலி, பார்க்கத்தான் அழகு, உட்கார முடியாது" என்று பல வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாவம், நாற்காலி மேல் குற்றமில்லை.

ஆச்சியின் மகள் வந்து பார்த்தார். கடற்கரைக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வீடு, வெள்ளைச் சுவர், வெளிர் நிற சோபா. கிரீம் நிற வெல்வெட்டில் போட்டால் கூடத்துக்குப் பொருந்தும் என்று படம் எல்லாம் எடுத்து வைத்திருந்தார். "அண்ணா, உள்ள என்ன இருந்தா என்ன, மேல பாக்க நல்லாருந்தா சரி" என்றார். நான் வாதாடவில்லை. கையைத் தாங்குகிற முன் தூணின் உட்பக்கத்தில் டார்ச் அடித்துக் காட்டினேன். அங்கே மரத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு மேல் பாலிஷ் ஏறி இருண்டிருக்கும், கீழே பாலிஷ் படாத வெறும் தேக்கு. முதலில் ஆசனத் துணி எதுவரை வந்ததோ அதுவரைதான் பாலிஷ்காரர் துணியை ஓட்டியிருக்கிறார். ஃபோம் ஆசனம் அந்தக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே கிடந்தது. "உங்க பாட்டியோட அப்பச்சிக்கு அப்பச்சி உட்கார்ந்த உயரம் இது" என்று சொல்ல வந்து, உறவைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஆச்சி சிரித்துக்கொண்டே திருத்தினார். மகள் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார். அப்புறம் வெல்வெட் பேச்சு வரவில்லை.

முடிவு செய்தது இவ்வளவு. முதுகின் பழைய மெத்தையைப் பிரிப்பதில்லை, இருந்த இடத்திலேயே வைத்துச் சுத்தம் செய்து, மேலே மெல்லிய வலைத்துணி போட்டு மூடி, அதன் மேல் புதுத்துணி. ஆசனத்தை, முதுகில் கிடைத்த சாட்சியைப் பின்பற்றி, ஸ்பிரிங் நார் மயிர் என்று அதே முறையில் புதுசாகக் கட்டுவது. மரத்தில் நாளைக்கு இன்னொருவர் பிரிக்க முடியாத எதையும் செய்வதில்லை.

மர வேலையில் பெரிய சிக்கல் ஒன்றுதான். பின்சட்டத்தின் ஒரு ஓரம் வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்பக்கத்து இளசான பகுதி. தேக்கின் வயிரத்தை, அதாவது நடுவில் இருக்கிற கெட்டி மரத்தை, பூச்சி தொடாது, வெளிற்றை விடாது. அந்த ஓரம் உளுத்து, ஊசி குத்தினால் அரை அங்குலம் இறங்கியது. பூச்சி இப்போது உயிரோடு இல்லை. பதினைந்து நாள் கருப்புக் காகிதத்தின் மேல் நிறுத்திப் பார்த்தோம், புதுத் தூள் விழவில்லை. ஆனாலும் போராக்ஸ் கரைசல் இரண்டு முறை தடவினோம். உளுத்த பகுதியை மட்டும் சாய்வாக வெட்டி எடுத்து, இடித்த வீட்டு உத்தரத்திலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய தேக்கில் ஒட்டுப் போட்டோம். கழுந்து (துளைக்குள் இறங்குகிற மரமுனை) ஆடிய இரண்டு மூட்டுகளைக் கழற்றித் திரும்ப ஒட்டினோம்.

ஒட்டியது வஜ்ஜிரத்தில். வெள்ளைப் பசை வேகமாக ஒட்டும், பலமும் அதிகம், ஆனால் ஒட்டினால் ஒட்டினதுதான். மூட்டு மறுபடி ஆடினால் மரத்தை உடைக்காமல் கழற்ற முடியாது. தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரம் வெந்நீரும் ஆவியும் காட்டினால் இளகிவிடும். இந்த நாற்காலியை முதலில் ஒட்டியதும் அதில்தான். ஒரே ஒரு எச்சரிக்கை, தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது.

அடுத்தது பாலிஷ். காலின் உட்பக்கம், கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்தேன். மேல் பூச்சு அசையவில்லை. பிற்காலத்து வார்னிஷ், கருமை கலந்தது. அது உரிந்திருந்த இடத்தில் வைத்தபோது பஞ்சு பிசுபிசுத்துத் தேன் நிறம் ஏறியது. அடியில் அரக்கு. ஜார்க்கண்ட் காட்டு மரங்களில் பூச்சி கட்டுகிற அதே அரக்குதான் உலகம் முழுக்க பிரெஞ்சு பாலிஷ் ஆயிற்று. பழைய சாமான் கடைகளில் இந்த நிலைக்கு ஒரே வைத்தியம் உப்புத்தாள். மெஷின் போட்டுத் தேய்த்து, மரத்தை வெள்ளையாக்கி, புதுசாகப் பளபளக்க வைத்துவிடுவார்கள். நாங்கள் வார்னிஷை மட்டும் சின்னச் சின்னப் பரப்பாக இளக்கி, மரச் சுரண்டியால் எடுத்தோம். அதற்கே பதினோரு நாள் ஆனது.

அந்தப் பதினோரு நாளில் ஒரு நாள் நாற்காலியின் வலது கை நுனியில் கருமை விலகியபோது, மரத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தன. எல்லாம் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற இடத்தில், பிறை பிறையாக, ஒன்றின் மேல் ஒன்று. இடது கையில் ஒன்றுகூட இல்லை. போட்டோ எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஆச்சியே போன் செய்தார். "ஐயா கணக்குப் பாக்கிறப்ப மோதிரத்தால தட்டிக்கிட்டே இருப்பாக. நாங்க சின்னப் பிள்ளைகள் சத்தம் வந்தா கிட்டப் போக மாட்டோம்" என்றார். அந்த இடத்தில் உப்புத்தாள் படவில்லை, பள்ளத்தை நிரப்புகிற மக்கும் வைக்கவில்லை. மெல்லிய அரக்கு நாலு பூச்சு, கடைசியில் தேன்மெழுகு, அவ்வளவுதான்.

இனி ஆசனம். இந்த வேலையைத் தெரிந்தவர்கள் நம் ஊரில் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த பாய்க்கு இப்போது கண் சரியில்லை, தொழிலை விட்டுவிட்டார். கேட்டதும் வந்தார். பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் கட்டக் கட்ட உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சட்டத்தின் அடிப்பக்கத்தில் சணல் பட்டையை இழுத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பாய் முடைகிற மாதிரி பின்னினோம். பழைய ஆணித் துளைகள் இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாகக் கொத்துக் கொத்தாக இருந்தன. பழைய பட்டையின் அகலம் அதிலிருந்தே தெரிந்தது, அதே அகலத்தில் வாங்கினோம். பட்டையின் மேல் வரிசைக்கு மூன்றாக ஒன்பது ஸ்பிரிங். ஒவ்வொன்றையும் பட்டையோடு நாலு இடத்தில் தைக்க வேண்டும். அப்புறம் கயிறு. முன்னிருந்து பின், இடமிருந்து வலம், பிறகு மூலைக்கு மூலை என்று ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எட்டுத் திசையில் இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் இருப்பது நிமிர்ந்து நிற்கும், ஓரத்தில் இருப்பவை வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். அப்போதுதான் உட்காரும்போது எல்லாம் ஒன்றாக நிமிர்ந்து இறங்கும்.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். தூணில் இருந்த கோட்டை முடிவான உயரம் என்று எடுத்துக்கொண்டு 8 அங்குல ஸ்பிரிங் போட்டேன். கட்டி, சாக்குத் துணி மூடி, நார் அடைத்து, மேல் ஓரத்தின் கெட்டி விளிம்பான உருட்டும் தைத்துவிட்டேன். ஆறு நாள் வேலை. ஆச்சி மகள் வீட்டுக்கு வந்திருந்த நாளில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். கால் தரையைத் தொடவில்லை. முழங்கை கையிலிருந்து ஒன்றரை அங்குலம் அந்தரத்தில் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பாய் மட்டும், "தம்பி, கோடு துணி முடியுற இடம். ஆள் உக்கார்ற இடம் இல்ல. ஓரத்தை அளந்தே, நடுவை அளக்கலை" என்றார். சரிதான். ஓர உருட்டு எங்கே மரத்தைத் தொட்டது என்பதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது. அதற்கு மேல் நடு எவ்வளவு பொங்க வேண்டும் என்பதை முதுகின் பொங்கலைப் பார்த்துக் கணக்கிட்டிருக்க வேண்டும். முழுவதையும் பிரித்தேன். 7 அங்குல ஸ்பிரிங் வாங்கி, கட்டும்போது இன்னும் ஒரு அங்குலம் கூடுதலாக இறுக்கினேன். நல்லவேளை, ஆணியும் நூலும் கயிறும் மட்டும் போட்ட வேலை, பிரிப்பதில் மரத்துக்கு ஒரு கீறல் இல்லை.

அடைத்த நார் பொள்ளாச்சியிலிருந்து. கயிறாக முறுக்கி வைத்துப் பிறகு பிரித்த சுருள் நார், அந்தச் சுருள்தான் திருப்பி எழும்புகிற சக்தி. இங்கிலாந்துக் குஷன்காரர்களும் குதிரை மயிருக்கு அடுத்தபடியாகத் தென்னை நாரை வைத்தார்கள். அதன் நிறத்துக்காக இஞ்சி நார் என்று அதற்குப் பெயர். மயிரைப் போலவே தெரியச் சாயமேற்றிக் கருப்பாகவும் விற்றார்கள். நம் கடற்கரைத் தோப்பின் நார் கப்பல் ஏறிப் போய் லண்டன் வீட்டு நாற்காலிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நாருக்கு மேல் மெல்லிய சணல் துணி போட்டு, ஓரத்தை உருட்டாகத் தைப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். இருபுறமும் கூரான பத்து அங்குல ஊசி. பக்கவாட்டில் குத்தி மேலே கொண்டுவருவோம். ஆனால் முழுதாக வெளியே எடுப்பதில்லை, காது மேல்துணியைத் தாண்டுவதற்கு முன்பே நிறுத்தி, ஊசியைச் சாய்த்துத் திரும்பக் கீழே தள்ளுவோம். நூல் உள்ளே ஒரு கைப்பிடி நாரைச் சுற்றி வளைத்துக்கொண்டு வெளியே வரும். இழுத்தால் நார் ஓரத்துக்கு ஓடிவந்து கெட்டிப்படும். ஒரு சுற்று இப்படி, அதற்கு மேல் இரண்டு சுற்று வெளித் தையல். முடிந்ததும் ஓரம் விரல் கனத்துக்குக் கல் மாதிரி நிற்கும். பாய் அதைக் கட்டைவிரலால் தட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, "இங்க காலி" என்றார். ஊசியால் கிளறி நாரை இழுத்து நிரப்பினேன். பார்வை மங்கினாலும் விரல் மங்கவில்லை.

அதற்கு மேல் இரண்டாவது அடைப்புக்குக் குதிரை மயிர். பழைய மெத்தை ஒன்றிலிருந்து எடுத்து நான் சேர்த்து வைத்திருந்தது. சீயக்காயில் அலசி, நிழலில் உலர்த்தி, கையால் பிய்த்துப் பிய்த்து இளக்கினோம். மேலே பருத்திப் பஞ்சுத் தட்டை, காடா, கடைசியில் மேல்துணி.

மேல்துணிக்கு அந்தத் துணுக்கின் சிவப்பையே பின்பற்றினோம், கம்பளியை அல்ல. நம் ஊரில் கம்பளிக்குப் பூச்சி வரும், வேர்வைக்கும் ஆகாது. கண்ணூர்க் கைத்தறியில் கெட்டியான பருத்தி, மூன்றரை மீட்டர். முதுகில் பழைய பொத்தான் இருந்த பதினோரு இடத்திலும் பொத்தான் வைத்தோம். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒன்றரை அங்குலம் துணி கூடுதலாக விட்டு, மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மடித்தோம். மேல்நோக்கி இருந்தால் தூசி தங்கும். சட்டம் முழுக்க ஏற்கெனவே ஆணித் துளைகள் சல்லடையாக இருந்ததால், அதில் இன்னும் ஐந்நூறு ஆணி அறைய மனம் வரவில்லை. சட்டத்தைச் சுற்றி ஒரு காடாப் பட்டையைக் குறைந்த ஆணியில் பிடித்து, மேல்துணியை அந்தப் பட்டையோடு கையால் தைத்தோம். இனி துணி மாற்றுகிறவர் தையலை வெட்டினால் போதும்.

உடைந்த பீங்கான் சக்கரத்தின் பாதியைப் பித்தளையில் வார்த்து மாட்டியிருக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்தான், மறைக்கவில்லை. மறைப்பதைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு. பிரான்சில் 18ஆம் நூற்றாண்டு அரச நாற்காலிகள் என்று வெர்சாய் அரண்மனையே வாங்கிய சில, பிற்காலத்தில் செய்த போலிகள் என்று 2016இல் வெடித்தது. அவற்றில் சிலதைத் தேசியச் செல்வம் என்று அறிவித்தும் இருந்தார்கள். போலி செய்தவர்களும் பழுது பார்ப்பவர்களும் பழகுகிற கைத்திறன் ஒன்றேதான். எது பழசு, எது நான் வைத்தது என்று எழுதி வைப்பதுதான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர். ஆகவே ஆசனத்தின் அடியில் துணி உறை ஒன்று தைத்து, என்னென்ன மாற்றினோம் என்ற பட்டியல், பிரித்தபோது எடுத்த படங்கள், அந்தச் சிவப்புத் துணுக்கு இருக்கிற குப்பி மூன்றையும் அதில் வைத்தோம். பூப்போட்ட துணியிலும் ரெக்ஸினிலும் ஒரு கையகலம் வெட்டி வைத்திருக்கிறேன். ரெக்ஸினும் இந்த நாற்காலியின் வாழ்க்கைதானே.

செலவு, ஃபோம் போட்டு முடித்திருந்தால் ஆகிற தொகையைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. அதில் சாமான் செலவு கொஞ்சம், மிச்சமெல்லாம் கூலி. எல்லோரும் 160 மணி நேரம் உழைத்திருக்கிறோம். அதில் நான் தப்புச் செய்து பிரித்த ஆறு நாளுக்குக் காசு வாங்கவில்லை.

கொண்டுபோய் வைத்த வீட்டில் இடம் பார்ப்பதற்கே ஒரு மாலை ஆனது. முதலில் மேற்கு ஜன்னல் ஓரம் வைத்திருந்தார்கள், வெயிலில் சிவப்பு ஒரே வருடத்தில் வெளுத்துவிடும். அடுத்து ஏசிக்கு நேர் கீழே, அங்கே காய்ந்த காற்று அடித்து மூட்டு விடும். கடைசியில் உள்சுவர் ஓரம், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தோம். கடல் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும் என்பதால் செம்பு பூசின ஸ்பிரிங்தான் போட்டிருக்கிறோம். அடியில் காற்றாடும் துணியே கட்டியிருக்கிறோம், ரெக்ஸின் அடைக்கவில்லை. சூடான டம்ளரை நாற்காலியின் கையில் வைக்கக் கூடாது, அரக்கில் வெள்ளை வளையம் விழும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்துப் போய் அளந்தேன். ஆசனத்தின் நடு ஒரு செ.மீ. இறங்கியிருந்தது, நாரும் மயிரும் படிந்து உட்கார்ந்ததால். இதை எதிர்பார்த்தோம். இப்போது முழங்கை கையில் சரியாக உட்காருகிறது. முதுகில் மேலிருந்து இரண்டாவது பொத்தானின் நூல் தளர்ந்திருந்தது, மாற்றினேன். வலது கையின் நுனியில் அரக்கு லேசாக மங்கியிருந்தது. யார் உட்கார்கிறார்கள் என்று கேட்டேன். ஆச்சி வந்தால் வேறு எங்கும் உட்கார்வதில்லை, டிவி பார்க்கும்போது அவர் விரல் தானாக அந்தப் பள்ளத்தில் போய் நிற்கிறது என்றார் மகள். அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி மெழுகு போட்டுவிட்டு வந்தேன்.